தொண்ணூறாவது கோடு

வாற்கோதுமை முளைக்காத இரண்டாம் ஆண்டில்தான்
எங்கள் மேட்டில் எக்கெக் ஏறியது.
எக்கெக் என்றால் சொறி.
அம்ஹாரிக்கில் அதைச் சொல்லும்போதே
நாக்குக்கு நகம் முளைத்துவிடும்.

கையேட்டில் இருந்ததை வீடு வீடாகச் சொன்னேன்:
துணியை வெந்நீரில் அலசுங்கள்,
முடியாதென்றால் வெயிலில் போடுங்கள்,
சில பகல் யாரும் உடுத்தாமல் கிடந்தால்
பூச்சி பட்டினியில் சாகும்.

பட்டினி என்றதும் யாரும் நிமிரவில்லை.
வெந்நீர் என்றதும் யெஷாரெக் சிரித்தாள்.
ஊற்றுக்கு இறங்க இரண்டு மணி நேரம்,
ஏற மூன்று.
கழுதை செத்தபின் மஞ்சள் ஜெரிகேன்
அவள் முதுகுக்கு மாறியிருந்தது.

வெயிலா,
அது கேட்காமலே கிடைத்தது.
கொடியில் போட இன்னோர் உடுப்புதான் இல்லை.
"அத்தனை பகல் என் பெண்கள்
எதைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்?" என்றாள்.
கையேட்டைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி இருந்தது.

பகலில் வெடிக்கிற பாறைமேல்
இரவில் உறைபனி படியும் ஊர் இது.
ஏழு பேர், இரண்டு ஆடு, ஒரு கம்பளி.
அந்தப் பூச்சிக்குக் கண் கிடையாது,
சூடு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.
அக்காவின் மணிக்கட்டிலிருந்து
தம்பியின் இடுப்புக்குப் போக
ஒரு புரண்டு படுத்தல் போதும்.
விலகிப் படுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆவி வந்தது,
சொல் வரவில்லை.

பிறகு மழை.
கேட்ட காலத்தில் வராமல்
கேட்பதை விட்டபின் வந்த மழை.
ஓடை திரும்பியது. பெண்கள் துணி துவைத்தார்கள்,
பதினேழு நாள் எதுவும் காயவில்லை.
ஈரப் புகைக்குள் எல்லோரும் ஒண்டினார்கள்.
ஈரத் துணியில் பூச்சிக்கு
ஓரிரு நாள் ஆயுள் கூடும்.
வானம் பொய்த்தபோதும் அதற்கு விருந்து,
பெய்தபோதும் விருந்து.

சேறு தெறிக்க வண்டி வந்து
மாத்திரையும் நீலக் குச்சியும் தந்துபோனது.
எங்களிடம் தராசு இல்லை, உயரம்தான் கணக்கு.
தொண்ணூறு சென்டிமீட்டருக்கு ஒன்று,
நூற்றிருபதுக்கு இரண்டு.
பதினொரு வயதுக்காரி ஒருத்தி
எட்டு வயதில் நின்றுகொண்டிருந்தாள்.
பொய்த்த மழையையெல்லாம் அந்தக் குச்சி
எலும்பில் வைத்து எண்ணியது.

யெஷாரெக்கின் கடைசி மகன் மெக்வானிந்த்,
ஐந்து வயது.
விரலிடுக்கெல்லாம் புழு ஊர்ந்த மண்போல.
முற்றத்தில் குச்சியை ஊன்றினேன்,
நிமிர்ந்து நின்றான், மூச்சைப் பிடித்தான்,
உச்சந்தலை சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"ஒன்று!" என்றான் எனக்கு முன்னால்.

அவன் குதிகாலைப் பார்த்தேன்.
ஊன்றித்தான் இருந்தது.
குச்சியின் அடியைப் பார்த்தேன்.
நனைந்த மண் அதை
இரண்டு விரற்கடை விழுங்கியிருந்தது.
அவனிடமிருந்து எடுத்ததை
மழை இப்படித்தான் திருப்பித் தரப் பார்த்தது.

யெஷாரெக்கும் பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
ஆட்டைக் கட்டப்போனாள்.

அந்தக் கோடு இரக்கத்துக்குப் போட்டதில்லை.
சின்ன உடம்பு அந்த மருந்தைத் தாங்குமா என்று
எவரோ பயந்து போட்டது.
அந்தப் பயம் எனக்கும் வேண்டும்.
குச்சியைப் பிடுங்கிச் சேற்றைத் துடைத்தேன்,
வாசற்கல்மேல் வைத்தேன்.
எண்பத்தேழு.

கந்தகக் களிம்பு தடவும்போது
என் முகத்தைப் பார்க்க மறுத்தான்.
அக்காக்களின் வாயில் கரைகிற மாத்திரைகளைப் பார்த்தான்.
முட்டை நாற்றம் என்றான்,
அழுகாத முட்டையை அவன் கடைசியாக
எப்போது பார்த்தானோ.

அன்றைக்கு ஆலங்கட்டி மழை, பாதை அடைந்தது.
அவர்கள் கம்பளியில் எனக்கும் இடம் விட்டார்கள்.
எட்டாவது ஆளாகப் படுத்தேன்.
தூக்கத்தில் அந்தச் சிறுவன்
கோபத்தை மறந்து
குளிர்ந்த பாதங்களை என் வயிற்றில் வைத்தான்.
நகர்த்தவில்லை.

இப்போது மாதம் ஒன்றாகிறது.
இடது சுண்டுவிரல் ஓரத்தில்
நூல்போல் ஒரு கோடு,
இரவானால் விழித்துக்கொள்கிறது.